கடலுக்குள் ஒரு தலைகீழ் அருவி

ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் கண்ணில் படும் அந்த மஞ்சள் பலகையை நினைத்துப் பாருங்கள். மூன்று மொழிகளில் ஊர்ப் பெயர். அதற்குக் கீழே பொடி எழுத்தில், கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று ஓர் எண். அந்த எண்ணை நாம் யாரும் கேள்வி கேட்பதில்லை. ஊருக்கு ஊர் மேடு பள்ளம் மாறலாம், கடல் மட்டும் ஒரே மட்டம், அதை நம்பி எல்லாவற்றையும் அளக்கலாம் என்று பள்ளிக்கூடத்திலேயே மனதில் பதிந்துவிட்டது.

கடல் மட்டம் மட்டமாக இல்லை.

சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். இலங்கைக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலில் ஒரு பெரும் பள்ளம் இருக்கிறது. பூமியை வழுவழுப்பான நீள்கோளமாக வைத்துக் கணக்கிட்டால் கடல் எங்கே நிற்க வேண்டுமோ, அதற்கு 106 மீட்டர் கீழே நிற்கிறது அங்கே தண்ணீர். முப்பது மாடிக் கட்டடத்தை உள்ளே இறக்கிவிடலாம். ஆனால் அதன் மேல் நாள்தோறும் போகும் கப்பல்களில் ஒரு மாலுமிக்கும் இறங்குவதோ ஏறுவதோ தெரியாது. அந்தப் பகுதியில் பூமியின் ஈர்ப்பு சற்றுக் குறைவு. ‘கீழே’ என்கிற திசையே அதற்கேற்ப வளைந்துகொடுக்கிறது. சுற்றியுள்ள தண்ணீருக்கு அது பள்ளமே இல்லை. அதனால் ஓடி வந்து நிரப்புவதும் இல்லை.

106 மீட்டர் பள்ளம் இப்படி ஊமையாகக் கிடக்க, அதன் மேல் எட்டு, பத்து, இருபது சென்டிமீட்டரில் எழுந்து தணியும் சின்ன மேடு பள்ளங்கள்தான் வாய் ஓயாமல் பேசுகின்றன. எந்த நீரோட்டம் எங்கே போகிறது, எவ்வளவு ஆற்றலைச் சுமக்கிறது, அதை யாரிடம் வாங்கி யாருக்குக் கொடுக்கிறது என்ற வரவு செலவெல்லாம் அந்தச் சில சென்டிமீட்டருக்குள் எழுதியிருக்கிறது. 30 ஆண்டுகளுக்கும் மேலாகச் செயற்கைக்கோள்கள் அதைப் படித்துவருகின்றன. படித்ததில் ஒரு செய்தி நம் அன்றாட அனுபவத்துக்கு நேர் எதிராக இருக்கிறது. கடலில் சிறியவை பெரியவற்றுக்குத் தீனி போடுகின்றன.

மேடு என்றால் வலம்

உயரத்தை அளந்தால் ஓட்டம் எப்படித் தெரியும்? ஒரு கணம் மொட்டை மாடியில் தேங்கிய மழைநீரை மறந்துவிடுங்கள். அங்கே சரிவு இருந்தால் தண்ணீர் சரிவில் இறங்கும். பல நூறு கிலோமீட்டர் அகலமுள்ள கடலில் அப்படி நடப்பதில்லை. சரிவில் இறங்கப் புறப்பட்ட நீரைப் பூமியின் சுழற்சி பக்கவாட்டில் திருப்பிவிடுகிறது. வட பாதியில் வலப்புறம், தென் பாதியில் இடப்புறம். கொரியாலிஸ் விளைவு என்று பாடப் புத்தகத்தில் படித்தது இதைத்தான். சரிவு ஒரு பக்கம் இழுக்க, சுழற்சி மறுபக்கம் திருப்ப, இரண்டும் சமமாகும் இடத்தில் தண்ணீர் இறங்குவதை விட்டுவிட்டு மேட்டைச் சுற்றத் தொடங்குகிறது. கோயில் பிராகாரத்தில் சுற்றுவதைப் போலத்தான். வட பாதியில் மேட்டை வலமாகச் சுற்றும், பள்ளத்தை இடமாகச் சுற்றும். வலஞ்சுழி, இடஞ்சுழி என்று பிள்ளையார் தும்பிக்கைக்குச் சொல்லும் சொற்கள் இங்கே அப்படியே பொருந்துகின்றன.

இது வெறும் திசைக் கணக்கு மட்டுமல்ல, வேகக் கணக்கும்கூட. சென்னைக்கு நேர் கிழக்கே கடலில் 100 கிலோமீட்டர் தூரத்துக்கு 20 சென்டிமீட்டர் உயர வித்தியாசம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முழத்தில் பாதிகூட இல்லை. அந்தச் சரிவு ஒன்றே போதும், அங்கே நீர் நொடிக்கு ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் ஓடும்; மணிக்கு 2 கிலோமீட்டருக்குச் சற்று மேல். நிதானமாக நடப்பவரின் வேகத்தில் பாதி. மெதுவாகத் தோன்றலாம். ஆனால் ஓடுவது ஒரு வாய்க்கால் தண்ணீர் அல்ல, நூறு கிலோமீட்டர் அகலமும் நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழமும் உள்ள நீர்.

நிலநடுக்கோட்டில் இந்த வித்தை பலிக்காது. அங்கே பக்கவாட்டுத் திருப்பம் சூன்யமாகிவிடுவதால், உயரத்திலிருந்து ஓட்டத்தைக் கணக்கிடும் சூத்திரம் கைவிரித்துவிடும். இதை ஓரமாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

மூன்றரை மாதத்தில் செத்துப்போன முன்னோடி

1970 வரை, நடுக்கடல் என்றால் மெல்ல நகரும் பெரும் நீர்ப்பரப்பு என்றுதான் பலரும் எண்ணியிருந்தார்கள். கப்பலில் போய், கயிற்றில் கருவியைக் கட்டி இறக்கி, ஒரு புள்ளியில் அளந்துவிட்டு அடுத்த புள்ளிக்குப் போவதுதான் கடலாய்வு. அடுத்த புள்ளியை அடைவதற்குள் முதல் புள்ளி மாறியிருக்கும். 1970ல் சோவியத் ஆய்வாளர்கள் அட்லாண்டிக்கில் ஓரிடத்தை விடாமல் மாதக் கணக்கில் கவனித்தபோது, 1973ல் அமெரிக்கர்களும் பிரிட்டிஷாரும் பெர்முடாவுக்குத் தென்மேற்கே அதையே செய்தபோது, எதிர்பாராத ஒன்று தெரிந்தது. நடுக்கடல் முழுக்கச் சுழல்கள். வானத்தில் புயலும் காற்றழுத்தத் தாழ்வும் இருப்பதைப் போலக் கடலுக்குள்ளும் ஒரு ‘வானிலை’ இருக்கிறது.

உலகம் முழுக்க இதைப் பார்க்க வேண்டுமென்றால் மேலே போவதைத் தவிர வேறு வழியில்லை. 1978 ஜூனில் நாசா சீசாட் என்ற செயற்கைக்கோளை அனுப்பியது. அக்டோபரில் மின்கோளாறில் அது அடங்கிவிட்டது. மூன்றரை மாதம்தான். ஆனாலும் கடலின் மேடு பள்ளத்தை விண்ணிலிருந்து அளக்க முடியும் என்று அது நிரூபித்துவிட்டுப் போனது. பலன் கிடைக்க இன்னும் 14 ஆண்டுகள் ஆயின. 1992 ஆகஸ்ட் 10 அன்று நாசாவும் பிரான்ஸின் விண்வெளி நிறுவனமான கெனஸும் சேர்ந்து டோபெக்ஸ்/பொசைடனை ஏவின.

அதன் வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். 1,336 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ராடார் துடிப்பு ஒன்றைக் கீழே அனுப்புகிறது. அது கடலில் பட்டுத் திரும்புகிறது. போய்வர ஆகும் நேரம் நொடியில் ஆயிரத்தில் 9 பங்கு. இந்த நேரத்தைத் தூரமாக மாற்ற வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கடலின் உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் வித்தியாசத்தைப் பிடிக்க வேண்டுமானால், நொடியை லட்சம் கோடித் துண்டுகளாக்கி அதில் 67 துண்டு வித்தியாசத்தை உணர வேண்டும். இதற்கு நடுவே காற்று அந்தத் துடிப்பைத் தாமதப்படுத்தும். அதைக் கழிக்காமல் விட்டால் இரண்டு மீட்டருக்கு மேல் பிழை வரும். காற்றில் உள்ள ஈரப்பதம் தனியாகச் சில பத்து சென்டிமீட்டர் பொய் சொல்லும். ஓதம் ஏறி இறங்கும். அலைகள் ஒன்றிரண்டு மீட்டர் எழும்பும். செயற்கைக்கோளே தன் பாதையில் எங்கே நிற்கிறது என்பது துல்லியமாகத் தெரிய வேண்டும். இத்தனையையும் ஒவ்வொன்றாகக் கழித்து, பல கிலோமீட்டர் அகலத்துக்குச் சராசரி எடுத்தபின் மிஞ்சும் பிழை மூன்று, நான்கு சென்டிமீட்டர். தஞ்சாவூர்க் கோபுர உச்சியிலிருந்து கீழே கிடக்கும் காகிதத்தின் தடிமனை அளப்பதெல்லாம் இதன் முன்னே சுலபம்.

ஊமைப் பள்ளங்களைக் கழிக்கவும் வழி வேண்டுமே. கிரேஸ், கோசே போன்ற ஈர்ப்பு அளக்கும் செயற்கைக்கோள்கள் அதைச் செய்துகொடுத்தன. மொத்த உயரத்திலிருந்து ஈர்ப்பின் பங்கைக் கழித்தால், மிச்சம் நீரோட்டத்தின் பங்கு.

டோபெக்ஸ்/பொசைடன் பதின்மூன்று ஆண்டுகள் உழைத்தது. பிறகு ஜேசன் வரிசை, பிறகு சென்டினல்-6. இடையில் 2013 பிப்ரவரி 25 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-20 ஏற்றிச்சென்ற சரல், இஸ்ரோவும் கெனஸும் சேர்ந்து செய்தது. அதிலிருந்த ஆல்டிகா என்ற உயரமானி, கே.ஏ. அலைவரிசையில் கடலை அளந்த முதல் செயற்கைக்கோள் கருவி. குறுகிய அலைநீளம் என்பதால் கரைக்கு நெருக்கமாகவும் பார்க்க முடிந்தது. சந்திரயானுக்குக் கிடைத்த கைத்தட்டலில் நூறில் ஒரு பங்குகூட இதற்குக் கிடைக்கவில்லை.

இந்தத் தரவுகளை வைத்து ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் டட்லி செல்ட்டனும் சகாக்களும் 2011ல் ஒரு தலைக்கணக்கு வெளியிட்டார்கள். 16 ஆண்டுகளில், 16 வாரங்களாவது உயிரோடு இருந்த சுழல்கள் மட்டும் 35,891. சராசரியாக ஒன்றின் ஆரம் 90 கிலோமீட்டர், ஆயுள் 32 வாரம், பயணத் தூரம் 550 கிலோமீட்டர். உயரம்? 8 சென்டிமீட்டர். ஓர் உள்ளங்கை அகலம். சென்னையில் ஒரு கரை, புதுச்சேரி தாண்டி மறுகரை என்று விரிந்து கிடக்கும் ஒரு சுழலை, உள்ளங்கை அளவு புடைப்பை வைத்துக் கண்டுபிடித்து, ஏழு மாதத்துக்கும் மேல் விடாமல் பின்தொடர்ந்திருக்கிறார்கள்.

காபியை ஆற்றும்போது

இனி ஆற்றல். டபரா டம்ளரில் காபியை ஆற்றுகிறீர்கள். மேலிருந்து விழும் காபி பெரிதாகப் புரள்கிறது. அந்தப் புரளல் சின்னச் சுழல்களாக உடைகிறது, அவை இன்னும் சின்னதாக உடைகின்றன, கடைசியில் கண்ணுக்குத் தெரியாத அளவில் பாகுத்தன்மை அதை விழுங்கி வெப்பமாக்கிவிடுகிறது. (அந்த வெப்பம் காபியைச் சுடவைக்கப் போதாது, கவலை வேண்டாம்.) பெரிதிலிருந்து சிறிதுக்குப் படிப்படியாக இறங்கும் இந்தப் போக்கைப் பிரிட்டிஷ் விஞ்ஞானி லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் 1922லேயே விவரித்தார். 1941ல் ரஷ்யக் கணிதமேதை கொல்மொகொரோவ் அதற்குக் கணக்கு எழுதினார். இயற்பியலாளர்கள் இதை அருவி என்கிறார்கள். மேலே ஆற்றலைக் கொட்டினால் கீழே வந்து விழும். குழாய்த் தண்ணீர், புகைபோக்கிப் புகை, விமானத்தின் பின்னால் கலங்கும் காற்று எல்லாம் இந்த அருவிக்குக் கட்டுப்பட்டவை.

கடல் கட்டுப்படவில்லை. காரணம் அதன் உருவம். கடலை ஆழம் என்று நினைத்தே பழகிவிட்டோம். உண்மையில் அது ஒரு தாள். சராசரி ஆழம் 4 கிலோமீட்டருக்கும் குறைவு, அகலம் பத்தாயிரம் கிலோமீட்டருக்கும் மேல். மேசை மேல் கிடக்கும் ஏ4 தாளின் நீளத்துக்கும் தடிமனுக்கும் உள்ள விகிதமும் கிட்டத்தட்ட அதுதான். அந்தத் தாள் சுழலும் பூமியின் மேல் ஒட்டியிருக்கிறது.

டம்ளரில் ஒரு சுழல் எப்படிச் சிறுக்கிறது? அதை மேலும் கீழும் இழுத்தால், நூல் நூற்பதைப் போல மெலிந்து, வேகமாகச் சுழலும். மெலிவதுதான் சிறுப்பது. தாள் போன்ற கடலில் மேலும் கீழும் இழுக்க இடம் ஏது? சுழற்சியும் நீர் அடுக்குகளும் செங்குத்து அசைவை அமுக்கி வைத்திருக்கின்றன. மெலிய வழியில்லாத சுழல்கள் பக்கவாட்டில்தான் வாழ்ந்தாக வேண்டும். ஒரே திசையில் சுழலும் இரண்டு நெருங்கினால், ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி, கடைசியில் ஒன்றாகிவிடுகின்றன. இரண்டு சிறிது சேர்ந்து ஒரு பெரிது. 1967ல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் கிரெய்ச்னன், தட்டையான உலகில் அருவி தலைகீழாகத்தான் ஓடும் என்று தாளில் எழுதிக் காட்டினார். 1971ல் வானிலை அறிஞர் ஜூல் சார்னி, நிஜமான வளிமண்டலத்துக்கும் கடலுக்கும் அந்தக் கணக்கை நீட்டினார்.

சரி, அந்தச் சிறியவற்றுக்கு ஆற்றலை யார் கொடுத்தது? காற்று. வெயில் காற்றை ஓட்டுகிறது, காற்று கடலின் பெரும் வட்டங்களை ஓட்டுகிறது. ஓட்டும்போது, கனமான குளிர்ந்த நீரும் லேசான வெந்நீரும் படுக்கை வசத்தில் கிடக்காமல் சாய்ந்துபோகின்றன. சாய்த்து வைத்த அரிசி மூட்டை அடுக்கைப் போல அதில் ஆற்றல் சேமிப்பாகத் தங்கியிருக்கிறது. அடுக்கு சரியும்போது அந்தச் சேமிப்பு சுழல்களாகப் பீறிடுகிறது. பிறக்கும்போது அவை சில பத்து முதல் நூறு கிலோமீட்டர் அகலம். அங்கிருந்து அருவி மேல்நோக்கி.

சல்லடையோடு வந்தவர்கள்

34 ஆண்டுகள் இது ஏட்டுச் சுரைக்காயாகத்தான் இருந்தது. 2005ல் ராபர்ட் ஸ்காட்டும் ஃபாமிங் வாங்கும் தென் பசிபிக்கின் செயற்கைக்கோள் உயரத் தரவை எடுத்து, எந்த அளவுச் சுழல் எந்த அளவுச் சுழலுக்கு ஆற்றல் தருகிறது என்று கணக்குப் போட்டார்கள். தலைகீழ் அருவி இருந்தது. ஆனால் கோட்பாடு சொன்ன இடத்தில் இல்லை. ஆழம் முழுவதும் ஒன்றாக நகரும் ஓட்டத்தில்தான் அது நடக்கும் என்று பாடப் புத்தகங்கள் எழுதியிருந்தன. செயற்கைக்கோள் பார்ப்பதோ மேல்மட்டம் வேகமாகவும் அடிமட்டம் வேறாகவும் நகரும் ஓட்டத்தை. அங்கேயும் ஆற்றல் மேலே ஏறிக்கொண்டிருந்தது. கடல் பாடப் புத்தகத்தைத் திருத்திய தருணங்களில் இது ஒன்று.

அவர்கள் கையாண்ட முறைக்கு ஒரு குறை உண்டு. கடலிலிருந்து ஒரு சதுரத்தை வெட்டி எடுத்துத்தான் அதில் கணக்குப் போட முடியும். கண்டங்களும் தீவுகளும் குறுக்கிடும் முழு உலகக் கடலுக்கு அது ஒத்துவராது. அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஹுசைன் அலூயியின் குழு வேறு வழியில் போனது. அவர்கள் செய்ததைச் சல்லடை என்று சொல்லலாம். கடலோட்ட வரைபடத்தை எடுத்து, 100 கிலோமீட்டருக்குக் குறைந்ததெல்லாம் மறையும்படி மங்கலாக்குகிறார்கள். மங்கிய படத்தில் பெரிய ஓட்டங்கள் மட்டும் மிஞ்சும். இப்போது, சல்லடைக்குக் கீழே விழுந்த சிறு சுழல்கள் மேலே நின்ற பெரிய ஓட்டத்தை முன்னே தள்ளினவா, பின்னே இழுத்தனவா என்று ஒவ்வொரு புள்ளியிலும் கணக்கெடுக்கிறார்கள். பிறகு 200 கிலோமீட்டர்ச் சல்லடை, 500, 1,000. ஓரிடத்தில் எவ்வளவு ஆற்றல் கைமாறுகிறது என்பது வரைபடமாகவே கிடைத்துவிடுகிறது.

பெஞ்சமின் ஸ்டோரர் முதல் ஆசிரியராக இருந்து இந்தக் குழு 2022லும் 2023லும் வெளியிட்ட முடிவுகளை நான் மூன்று முறை படித்தேன், எண்கள் அப்படி. கடல் மேற்பரப்பின் இயக்க ஆற்றலில் பாதிக்கும் மேல் நடுத்தரச் சுழல்களிடம் இருக்கிறது. அவற்றின் உச்சம் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் அளவில். எல்லாவற்றுக்கும் மேலே, பத்தாயிரம் கிலோமீட்டர் அளவில், அண்டார்டிகாவைச் சுற்றி ஓடும் நீரோட்டம் தனி ராஜாவாக நிற்கிறது. நடுத்தர அளவுகளில் மேல்நோக்கி ஏறும் ஆற்றல், உச்சத்தில் 300 ஜிகாவாட்.

அதை நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். 2024 மே 30 அன்று, கோடையின் கொடுமையில், இந்தியா முழுவதும் ஒரே நேரத்தில் இழுத்த மின்சாரம் 250 ஜிகாவாட். அதுவரை இல்லாத உச்சம். அதைவிட அதிகமான ஆற்றல், சத்தமில்லாமல், நாளும் பொழுதும் சின்னச் சுழல்களிடமிருந்து பெரிய ஓட்டங்களுக்குக் கைமாறிக்கொண்டிருக்கிறது.

அதற்கு ஒரு கால அட்டவணையும் இருக்கிறது. 50 கிலோமீட்டர் அளவில் கைமாற்றம் உச்சத்தைத் தொடுவது அந்தந்தப் பாதிக் கோளத்தின் வசந்தத்தில். 500 கிலோமீட்டர் அளவில், கோடையில். அளவு ஒவ்வொரு முறை இரட்டிக்கும்போதும் 27 நாள் தாமதம். குளிர்காலத்துப் புயல்காற்று கலக்கிவிட்டுப் போன கடலில் பிறந்த சின்னச் சுழல்களின் ஆற்றல், படிப்படியாக ஏறி, கோடையில் பெரிய ஓட்டத்தின் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது.

இது வெறும் கல்விக் குதூகலம் இல்லை. தட்பவெப்பக் கணினி மாதிரிகளில் பல, கடலை நூறு கிலோமீட்டர்க் கட்டங்களாகப் பார்க்கின்றன. அந்தக் கட்டத்துக்குள் சுழல் தெரியாது. தெரியாததை என்ன செய்வது? பாகுத்தன்மை என்ற பெயரில் ஒரு செயற்கை உராய்வை வைத்து, பெரிய ஓட்டத்திடமிருந்து ஆற்றலைப் பிடுங்கிக்கொள்ளச் சொல்லிவிடுகிறார்கள். நிஜக் கடலில் சுழல்கள் கொடுக்கின்றன. மாதிரியில் அவை எடுக்கின்றன. வரவைச் செலவில் எழுதிய கணக்குப்பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். இங்கே திருத்த முயல்கிறார்கள், பறிபோன ஆற்றலில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கும் சூத்திரங்கள் வந்துகொண்டிருக்கின்றன. எவ்வளவு திருப்பிக் கொடுப்பது என்பதற்கு அளவுகோல், செயற்கைக்கோள் தரும் இந்த எண்கள்தான்.

கொடுத்த காற்றே கெடுக்கிறது

கடலை ஓட்டுவது காற்று என்றேன். அதே காற்று சுழல்களைக் கொல்லவும் செய்கிறது. விஷயம் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு உடனே விளங்கும். காற்றடிக்கும் மைதானத்தில் ஒரு வட்டம் அடியுங்கள். காற்றோடு போகும் பாதியில் கிடைக்கும் தள்ளல் கொஞ்சம். எதிர்க்காற்றில் வாங்கும் அடி அதிகம். ஒரு சுற்று முடிந்ததும் கணக்குப் பார்த்தால் நஷ்டம்தான். கடல் சுழலும் இப்படியே. காற்றோடு ஓடும் பக்கம் கொஞ்சம் வாங்கி, எதிர்த்து ஓடும் பக்கம் நிறைய இழக்கிறது.

இதே ரோச்செஸ்டர் குழுவில் ஷிகர் ராய் 2021ல், கடல்மேல் காற்றை அளந்த குவிக்ஸ்காட் செயற்கைக்கோளின் தரவையும் உயரமானித் தரவையும் சேர்த்துவைத்துப் பார்த்தார். 260 கிலோமீட்டருக்குக் குறைந்த சுழல்களிடமிருந்து காற்று உறிஞ்சும் ஆற்றல் ஏறத்தாழ 50 ஜிகாவாட். பெரிய அளவுகளில் காற்று வள்ளல், சிறிய அளவுகளில் வட்டிக்காரன். இரண்டும் ஒரே காற்று, ஒரே நாளில்.

காலமும் கணக்கை மாற்றுகிறது. 1993க்குப் பிந்தைய உயரத் தரவை ஆராய்ந்து 2021ல் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் குழு வெளியிட்ட ஆய்வில், சுழல்கள் மிகுந்த கடல்களில் அவற்றின் வேகமாறுபாடு பத்தாண்டுக்கு 2 முதல் 5 சதவீதம் கூடிவருகிறது. கடல் சூடாக ஆக, அதன் வானிலையும் கொந்தளிக்கிறது.

கோடு போதாது, பட்டை வேண்டும்

இத்தனை சாதித்த உயரமானிகளுக்கு ஒரு பலவீனம்: அவை தம் காலடியை மட்டும் பார்த்தன. டோபெக்ஸின் அடுத்தடுத்த தடங்களுக்கு நடுவே நிலநடுக்கோட்டில் 300 கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி. இடைவெளியைக் கணிதத்தால் நிரப்பினார்கள். பல செயற்கைக்கோள்களைச் சேர்த்துப் பின்னினாலும் நூறு கிலோமீட்டருக்குக் கீழே படம் குழம்பியது.

2022 டிசம்பர் 16 அன்று நாசாவும் கெனஸும் ஏவிய ஸ்வாட், கோட்டைப் பட்டையாக்கியது. 10 மீட்டர்க் கம்பின் இரு முனையிலும் ஒவ்வொரு ஆன்டெனா. ஒன்று அனுப்பும் துடிப்பின் எதிரொலியை இரண்டும் கேட்கின்றன. நம் இரண்டு கண்களும் சேர்ந்து ஆழத்தை உணர்வதைப் போல, இரண்டு எதிரொலிகளின் நுண்ணிய வேறுபாட்டிலிருந்து 120 கிலோமீட்டர் அகலத்துக்குக் கடலின் உருவத்தை வரைகிறது. நட்டநடுவே மட்டும் 20 கிலோமீட்டர் வகிடு. டோபெக்ஸ் காலத்திலிருந்து இந்தத் துறையை வழிநடத்திய லீ-லுவெங் ஃபூதான் இதற்கும் நாசாவின் திட்ட விஞ்ஞானியாக இருந்தவர். பத்து கிலோமீட்டர் அளவுச் சுழல்கள் இப்போது கண்ணில் படுகின்றன. அருவியின் ஊற்றுக்கண் அங்கேதான் இருக்கிறது. அதற்கும் கீழே ஆற்றல் டம்ளர்க் காபியின் வழிக்கே திரும்பி உடையத் தொடங்குகிறது. ஏறும் வழியும் இறங்கும் வழியும் பிரியும் முச்சந்தி அது.

பார்வை கூர்மையானதும் ஒரு தலைவலியும் வந்தது. கடலுக்குள்ளேயே, நீர் அடுக்குகளுக்கு நடுவே, அலைகள் ஓடுகின்றன. அந்தமான் கடல் இதற்குப் பேர்போனது. 60 மீட்டருக்கும் மேல் எழும் உள்ளலைகளை அங்கே 1980லேயே பதிவு செய்திருக்கிறார்கள். மேற்பரப்பில் அவையும் சென்டிமீட்டர்க் கணக்கில் புடைப்பு உண்டாக்கும். ஆனால் அது ‘மேடு என்றால் வலம்’ என்ற விதிக்கு அடங்காத மேடு. சுழலையும் உள்ளலையையும் பிரித்தறிவதுதான் இப்போது பெரும்பாடு.

வன்னியும் தெண்டியும்

சென்னைக் குப்பங்களில் நீரோட்டத்துக்குத் தனிப் பெயர்கள் உண்டு. தெற்கிலிருந்து வடக்கே ஓடினால் தெண்டி. வடக்கிலிருந்து தெற்கே ஓடினால் வன்னி. வலை எங்கே விடுவது, எந்த மீன் கிடைக்கும் என்பதெல்லாம் அதைப் பொறுத்தது. கடலியலாளர்கள் இதையே கிழக்கிந்தியக் கரையோர நீரோட்டம் என்கிறார்கள். பிப்ரவரி முதல் மே வரை வடக்கே, அக்டோபர் முதல் டிசம்பர் வரை தெற்கே. உலகின் பெரும் நீரோட்டங்களில் பல ஆண்டு முழுக்க ஒரே திசையில் ஓட, வடக்கு இந்தியப் பெருங்கடல் மட்டும் பருவக்காற்றோடு சேர்ந்து திரும்பிப் பாய்கிறது. ஆற்றல் கணக்கு எழுதுபவருக்கு இது ஆண்டுக்கு இருமுறை பேரேட்டைத் தலைகீழாகத் திருப்பும் கடல்.

தென்மேற்குப் பருவத்தில் இலங்கைக்குத் தெற்கே கிழக்கு நோக்கி ஓடும் நீரோட்டம், தீவைத் தாண்டியதும் வங்கக் கடலுக்குள் வடக்கே திரும்புகிறது. அதன் இடப்பக்கம், இலங்கையின் கிழக்கே, ஓர் இடஞ்சுழி உருவாகும். நடுவே கடல் தணிந்து, அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலேறும். இலங்கைக் குவிமாடம் என்று பெயர். பி.என்.வினயசந்திரனும் தோஷியோ யமகாட்டாவும் 1998ல் இதை விளக்கினார்கள். 2016 ஜூன், ஜூலையில் சிந்து சாதனா கப்பலில் இந்திய, பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் இந்தப் பகுதிக்கே போய், நீருக்கடியில் தானே நீந்தும் கருவிகளை விட்டு அளந்தார்கள். மேலேயிருந்து பார்ப்பது தோலை மட்டும்தான். உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்க ஆள் கடலில் இறங்கித்தான் ஆக வேண்டும்.

குளிர்ந்த இடஞ்சுழியில் சத்து மேலேறும், மிதவை உயிரிகள் பெருகும், மீன் வரும். வெப்பமான வலஞ்சுழியிலோ கடல் புடைத்திருக்கும். அடியில் வெந்நீர் ஆழமாகத் தேங்கியிருக்கிறது என்று பொருள். புயல் அதன் மேல் வந்தால் அது விருந்து. 2005ல் மெக்சிகோ வளைகுடாவில் கத்ரீனா அப்படியொரு வெந்நீர்ப் பரப்பின் மேல் கடந்தபோதுதான் பேருருவம் எடுத்தது; கடல் அங்கே புடைத்திருந்தது உயரமானித் தரவில் தெரிந்தது. வங்கக் கடலிலும் புயலின் வலுவைக் கணிப்பவர்கள் இன்று இந்தப் புடைப்புகளைப் பார்க்கிறார்கள். கடலூர்க்காரருக்கும் நாகப்பட்டினத்துக்காரருக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

முன்பு ஓரமாகக் குறித்துவைக்கச் சொன்னேனே, அந்த நிலநடுக்கோட்டுச் சங்கதிக்கு வருகிறேன். 2022ன் உலகக் கணக்கு, வடக்கிலும் தெற்கிலும் 15 பாகைக்கு அப்பாலுள்ள கடல்களைத்தான் தன் முதன்மை முடிவுகளுக்கு எடுத்துக்கொண்டது. நடுக்கோட்டை நெருங்க நெருங்கச் சூத்திரம் தளர்கிறது என்பது நியாயமான காரணம். ஆனால் அது முற்றிலும் கைவிரிப்பது 5 பாகைக்கு உள்ளேதான். கன்னியாகுமரி 8 பாகையில் இருக்கிறது, சென்னை 13ல். தமிழ்நாட்டுக் கரை முழுவதும், இலங்கையும் சேர்த்து, அந்த 15 பாகைக் கோட்டுக்குத் தெற்கே விடுபட்டுவிட்டது. திரும்பிப் பாயும் நம் கடலில் அருவி எந்த மாதம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை உலகச் சராசரியில் தேடிப் பயனில்லை. இதைத் தனியே எடுத்துப் போட வேண்டும்.

அதற்குக் கப்பல் வேண்டாம், ராக்கெட் வேண்டாம். 1993 முதல் இன்றுவரை, நாள்வாரியாக, உலகக் கடலின் உயர வரைபடங்களை ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் கடல் சேவை இலவசமாகத் தருகிறது. ஒரு பதிவு செய்தால் போதும். ஸ்வாட்டின் தரவும் யாருக்கும் திறந்தே இருக்கிறது. இயற்பியலோ கணிதமோ படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், நடுத்தரமான ஒரு மடிக்கணினியில் வங்கக் கடலின் ஒரு வருடத்தை இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். 20 சென்டிமீட்டர்ச் சரிவை வேகமாக மாற்றும் கணக்கு பிளஸ் டூ இயற்பியலுக்கு ஒரு படி மேலே, அவ்வளவுதான். போட்டு முடித்ததும் காசிமேட்டுக்கோ ஊரூர்க் குப்பத்துக்கோ போய், அந்த வாரம் தெண்டி ஓடியதா வன்னி ஓடியதா என்று கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம்.